பேட்டரி மாற்றியும் செல்ஃப் எடுக்காத விசைப்படகு: ஒரு மின்கோளாறு ஆய்வு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கரையேற்றிய விசைப்படகுகளுக்குப் பலகை மாற்றுவது, கலப்பத்து அடிப்பது (பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைப்பது), என்ஜினைப் பிரித்துக் கோர்ப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் நடக்கும். தடை முடிந்து படகு இறங்கிய பிறகு வருகிற மின்கோளாறு எதுவானாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இது கடல் கொடுத்ததா, தடைக்காலத்தில் நாமே வாங்கி வைத்ததா? இந்தப் படகில் இரண்டும் சேர்ந்திருந்தன.

பாக் நீரிணைப் பக்கம் இழுவலைத் தொழில் செய்யும் மரப்படகு அது. லாரியில் ஓடும் அதே ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின்தான். ரேடியேட்டருக்குப் பதில் கடல்நீரால் குளிரும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், லாரி கியர்பாக்ஸுக்குப் பதில் மரைன் கியர்பாக்ஸ். மின்சாரம் 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. என்ஜின் ரூம் கேபினுக்குக் கீழே. சாவி மேலே, என்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் கீழே, நடுவில் நீளமான வயர். இந்த அமைப்பு கடைசியில் நமக்குத் தேவைப்படும்.

புகார்

டிரைவர் சொன்னது இதுதான். சாவியைத் திருப்பினால் சில நேரம் ‘கட கட கட’ என்று அடிக்கிறது, என்ஜின் அசைவதில்லை. சில நேரம் ஒரே ஒரு ‘டக்’, அதோடு சரி. சில நேரம் பாரமாக அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. இன்னும் சில நேரம் ஒன்றுமே நடக்காதது போல ஒரே பிடியில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. காலையில் தொல்லை அதிகம். ஓடி நிறுத்திய சூட்டில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

கரையில் இது எரிச்சல், அவ்வளவுதான். கடலில் அப்படியில்லை. இழுவலைப் படகில் வலையைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சை ஓட்டுவதும் மெயின் என்ஜின்தான். என்ஜின் இல்லையென்றால் வலையை ஏற்ற முடியாது, நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டும், பிடிக்காவிட்டால் காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போக வேண்டும். பாக் நீரிணையில் அப்படி மிதந்து போவதன் அர்த்தம் அங்கே தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். இந்தியாவும் இலங்கையும் 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோடு தொலைவில் இல்லை. வள்ளத்தில் இருக்கும் சின்ன என்ஜினை ஹேண்டில் போட்டுச் சுற்றிவிடலாம். ஆறு சிலிண்டரைக் கையால் ஸ்டார்ட் செய்ய முடியாது. அதனால் இந்தப் படகில் சில வாரமாக ஒரு வழக்கம் வந்திருந்தது: கடலில் என்ஜினை அணைப்பதே இல்லை. புரொப்பல்லரில் வலைத்துண்டு சுற்றி நிறுத்தியே ஆக வேண்டிய ஒரு நாளில், பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்த படகை ரேடியோவில் கூப்பிட்டு, அவர்கள் பேட்டரியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டுத்தான் கரைக்கு வந்திருக்கிறார்கள்.

ஜம்ப் போட்டதும் முதல் திருப்பிலேயே எடுத்துக்கொண்டதாம். இதை நினைவில் வையுங்கள்.

அதுவரை மாற்றியவை

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே இரண்டு பேட்டரியும் புதிது போட்டாகிவிட்டது. பக்கத்துப் படகின் பேட்டரியில் எடுத்தது, நம் பேட்டரியில் எடுக்கவில்லை என்றால் கோளாறு பேட்டரியில்தானே? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். புதுப் பேட்டரி போட்டபின் ஓரிரு நாள் சரியாக இருந்து மறுபடி ‘கட கட’.

அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார்கள். ஒருமுறை டிரைவர் செல்ஃபைச் சுத்தியலால் தட்டியபோது எடுத்துக்கொண்டது, அதனால் கார்பன் பிரஷ் ஒட்டியிருக்கும் என்று கணக்கு. பட்டறையில் பிரஷ் மாற்றி, ஆர்மேச்சரைக் கடைந்து, சோலினாய்டும் (சாவி திருப்பியதும் மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) புதிது போட்டுக் கொடுத்தார்கள். மேசையில் பேட்டரி கொடுத்துப் பார்த்தால் ஜோராகச் சுற்றியது. கழற்றாத நாளிலும் அப்படித்தான் சுற்றியிருக்கும் என்பது என் கணிப்பு. படகில் மாட்டினால் பழைய கதை. கடைசியாகச் சாவி சுவிட்சையும் மாற்றியிருந்தார்கள், அதுவும் கடையில் கிடைத்ததிலேயே விலை குறைந்ததை.

பட்டறைக்காரர்களைக் குறை சொல்லும் எண்ணம் இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் கையில் ஒரு ஆதாரம் இருந்தது. ஆனால் எல்லா ஆதாரமும் ‘மாற்றிப் பார்’ என்ற வகை. ‘அளந்து பார்’ என்ற வகை ஒன்றுகூட இல்லை. விட்டுவிட்டு வரும் கோளாறில் மாற்றிப் பார்ப்பது நம்மை ஏமாற்றும். கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு முறையும் நாலு போல்ட் அசைகிறது, நாலு கேபிள் நகர்கிறது. அந்த அசைவில் தற்காலிகமாகச் சரியானதைப் புதுப் பொருளின் பெருமையாக எழுதிக்கொள்கிறோம்.

இதில் ஒரு துணைக்கதை. செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் ஜிபிஎஸ் அணைந்து மறுபடி உயிர் பெறுகிறது என்று அதையும் தனியாகப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கேட்டதும் அளந்ததும்

மீட்டரை எடுக்கும் முன் ஒரு வேலை: என்ஜின் இலகுவாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பது. கிராங்க் புல்லியில் ரிங் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பினோம். கம்ப்ரஷன் வரும் இடத்தில் இறுகி, தாண்டியதும் விட்டுக்கொடுத்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தாலோ ஃப்ளைவீலின் பல்சக்கரத்தில் (ரிங் கியர்) செல்ஃபின் சின்னப் பல்சக்கரம் (பினியன்) சிக்கியிருந்தாலோ இங்கேயே தெரிந்துவிடும். அது தெரியாமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

அப்புறம் டிரைவரிடம் கேட்டேன்:

“அன்னைக்கு ஜம்ப் போட்டீங்களே தம்பி, கறுப்பு கிளிப்பை எங்க மாட்டுனீங்க?”

“சிவப்பு நம்ம பேட்டரியிலதான் அண்ணே. கறுப்புக்கு உள்ள கை போகல, அதனால என்ஜின்லயே கவ்வ விட்டுட்டோம்.”

“என்ஜின்ல எந்த இடம்?”

“செல்ஃப் பக்கத்துல, தூக்குற வளையத்துல.”

பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே இருந்தது. பக்கத்துப் படகின் பேட்டரி செய்த உதவி இரண்டு. ஒன்று, கூடுதல் கரண்ட். இன்னொன்று, என்ஜின் பாடியிலிருந்து நெகட்டிவுக்கு ஒரு புது வழி. எடுத்துக்கொண்டதற்கு இரண்டாவது காரணமாக இருந்தால், பேட்டரி மாற்றியது வீண்செலவு. இது ஊகம்தான், மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் கழற்றக்கூடாது.

முதலில் ஓய்வில் இருக்கும் பேட்டரி. ஒவ்வொன்றும் 12.6 வோல்ட், சேர்த்து 25.2. ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் எல்லா செல்லும் 1.250 பக்கம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. நம் ஊர் வெயிலுக்கு இது நிறைந்த பேட்டரி. ஆனால் ஓய்வில் பார்த்த வோல்ட்டை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. மீட்டர் இழுக்கும் கரண்ட் இல்லாததற்குச் சமம். ஒரு கேபிளில் செப்பு எல்லாம் அரித்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். டெஸ்ட் லேம்ப் வைத்தால் அதுவும் பளிச்சென்று எரியும். கோளாறு வெளியே வர வேண்டுமானால் செல்ஃபை அடித்துக்கொண்டே அளக்க வேண்டும்.

ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிக்க ஒரு ஆளை நிறுத்தினேன், என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க. சாவியைத் திருப்பச் சொன்னேன். ‘கட கட கட’. இந்த வேகமான துடிப்பில் டிஜிட்டல் மீட்டர் எண்கள் தாறுமாறாக ஓடும், எதையும் படிக்க முடியாது. இங்கே சாதாரண 24 வோல்ட் டெஸ்ட் லேம்ப்தான் உதவும். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வைத்தேன், மறுமுனையை என்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில். இரண்டும் ஒரே கேபிளின் இரு முனைகள். அவற்றுக்கிடையே வோல்ட் இருக்கவே கூடாது, லேம்ப் எரியவே கூடாது. சாவியைத் திருப்பியதும் ஒவ்வொரு ‘கட’வுக்கும் லேம்ப் மினுங்கியது. ஓனர் குனிந்து பார்த்துவிட்டு, “நெகட்டிவ்ல எப்படிய்யா லைட்டு எரியுது?” என்றார். கேள்வி அதேதான்.

மறுபடி சில முறை திருப்பியதில் ஒருமுறை என்ஜின் பாரமாகச் சுற்றத் தொடங்கியது. அதற்குள் மீட்டர்களையும் கேபிளைக் கவ்வி கரண்டை அளக்கும் டிசி கிளாம்பையும் மாட்டி வைத்திருந்ததால் நிலையான எண்கள் கிடைத்தன. கரண்ட் 240 ஆம்பியர். பேட்டரி முனைகளில் 23.4 வோல்ட். செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் அதன் பாடிக்கும் நடுவே 16.9. பாசிட்டிவ் பக்கம் முழுக்க சேர்த்து 0.7 வோல்ட் காணாமல் போகிறது, நெகட்டிவ் பக்கம் 5.8.

இந்த எண்கள் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் எல்லா முடிவும் இதிலிருந்துதான். என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. காரணம் பேட்டரி சோர்வு என்றால், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையிலேயே வோல்ட் விழ வேண்டும்; 24 வோல்ட் அமைப்பில் 19, 20-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இங்கே 23.4-இல் அசையாமல் நிற்கிறது. காரணம் செல்ஃபோ என்ஜினோ இறுக்கம் என்றால், கரண்ட் எகிற வேண்டும். 240 ஆம்பியர் இந்த அளவு என்ஜினுக்குச் சாதாரணம். பேட்டரி கொடுக்கத் தயார், செல்ஃப் வாங்கத் தயார், ஆனால் வழியில் 6.5 வோல்ட் போய்விடுகிறது. 24 வோல்ட்டில் ஒரு பக்கத்துக்கு 1 வோல்ட்டைத் தாண்டினால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு; 12 வோல்ட் படகில் அதில் பாதி.

5.8 வோல்ட்டை 240-ஆல் வகுத்தால் 0.024 ஓம் வருகிறது. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் நிலையில் இதை அளக்க முடியாது. இரண்டு முனையையும் சேர்த்து வைத்தாலே அதைவிட அதிகம் காட்டும். பேனல் பல்பு இழுக்கும் 1 ஆம்பியரில் இந்தத் தடை விழுங்குவது வெறும் 0.024 வோல்ட், யார் கண்ணுக்கும் தெரியாது. 240 ஆம்பியரில் அதே தடையில் 1,400 வாட் சூடு. ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விட அதிகம், அதுவும் ஒரே கேபிளின் வழியில்.

‘கட கட’ சத்தத்தின் காரணமும் இதுதான். சோலினாய்டுக்குள் இரண்டு சுருள். ஒன்று இழுக்க, ஒன்று பிடித்து வைக்க. இழுத்து மெயின் கான்டாக்ட் மூடிய மறுகணம் இழுக்கும் சுருள் ஓய்ந்துவிடும், பிடிக்கும் சுருள் மட்டும் மிஞ்சும். அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்ற நிலையிலிருந்து பெரிய கரண்டை இழுக்க, வழியில் இருக்கும் தடை வோல்ட்டைத் தின்றுவிட, பிடிக்கும் சுருளுக்குப் பலம் போய் விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்ட் திரும்புகிறது, மறுபடி இழுக்கிறது. சோர்ந்த பேட்டரியிலும் இதே சத்தம்தான் வரும். சத்தத்தை வைத்துப் பேட்டரி வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

5.8 வோல்ட் எங்கே போகிறது

நெகட்டிவ் வழி நீளமானது ஒன்றுமில்லை. பேட்டரி கம்பம், அதைக் கவ்வும் டெர்மினல், கேபிள், மறுமுனை லக் (போல்ட்டில் மாட்டும் துளையுள்ள உலோக முனை), போல்ட், என்ஜின் பிளாக். மீட்டரின் ஒரு முனையைக் கம்பத்திலேயே வைத்து, இன்னொன்றை ஒவ்வொரு படியாக நகர்த்திக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஒரு அடி 5 விநாடிக்கு மேல் இல்லை. இடையில் ஒரு நிமிடம் செல்ஃப் ஆற வேண்டும். கம்பத்திலிருந்து டெர்மினலுக்கு 0.1 வோல்ட். டெர்மினலிலிருந்து மறுமுனை லக் வரை, அதாவது கேபிளில், 1.1. லக்கிலிருந்து பிளாக்குக்கு 4.6. அந்த லக்கும் பிளாக்கும் ஒரே போல்ட்டில் இறுக்கியவை, இடையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. போல்ட்டின் தலையில் கை வைத்தேன், பொறுக்க முடியாத சூடு.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்தப் போல்ட்டைத் திறந்தோம். என்ஜினின் இடதுபுறக் காலில், என்ஜின் உட்காரும் பெட்டுக்குச் சற்று மேலே, தாழ்வான இடம். லக்கை எடுத்ததும் அடியில் பச்சைப் பெயிண்ட். தடைக்காலத்தில் என்ஜினுக்கு அடித்த பெயிண்ட், அந்த லக் உட்காரும் முகத்திலும் சேர்த்து அழகாக அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு வாஷர், வாஷருக்கு மேல் லக், லக்குக்கு மேல் ஸ்பிரிங் வாஷர், போல்ட். லக் பிளாக்கைத் தொடவே இல்லை. இத்தனை வாரம் கரண்ட் போனது போல்ட்டின் மரை வழியாக மட்டும்.

மரை புதிதாக இருந்தவரை அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது, தடை முடிந்த முதல் வாரங்களில் தொல்லை இல்லாததற்குக் காரணம் அது. அப்புறம் கடல் தன் பங்கைச் செய்தது. அந்தக் காலுக்கு நேர் மேலே கடல்நீர் பம்ப். அதன் சீலில் சொட்டுச் சொட்டாக ஒரு கசிவு, யாரும் கண்டுகொள்ளாத அளவு. சொட்டு விழுந்து காய்ந்து உப்பு பூத்து, மறுபடி சொட்டு. மரைக்குள் துரு ஏறி, ஒவ்வொரு செல்ஃப் அடிக்கும் பொறி பறந்து, போல்ட்டில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். லக்கின் துளையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம்.

கேபிளின் உறையை லக்கிலிருந்து ஒரு சாண் வரை பிளேடால் கீறிப் பார்த்தேன். லக்குக்குப் பக்கத்தில் களிம்பு ஏறிப் பச்சை. அதைத் தாண்டி உள்ளே, வெளியிலிருந்து பார்க்கவே முடியாத இடத்தில், இழைகள் கறுத்து விரலில் பொடியாக ஒட்டின. லக் சுத்தியலால் அடித்து நசுக்கப்பட்டது, வாய் திறந்தே இருந்தது. உப்புநீர் இழைகளுக்கிடையே திரிபோல ஏறிக்கொண்டே போயிருக்கிறது. 1.1 வோல்ட்டின் கணக்கு அது.

ஜிபிஎஸ் விஷயமும் இங்கே தெளிந்தது. மேலே பேனலில் ஒரு பொது நெகட்டிவ் கட்டை. அதற்கு ஒரு வயர் பேட்டரியிலிருந்து வருகிறது, இன்னொன்று மீட்டர்களுக்காக என்ஜின் பாடியிலிருந்து. மெயின் எர்த், அதாவது என்ஜினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் அந்த நெகட்டிவ் கேபிள், அடைபட்டதும் செல்ஃபின் கரண்ட் இந்தச் சுற்றுவழியைப் பிடித்திருக்கிறது: என்ஜினிலிருந்து மெல்லிய வயரில் ஏறி, பேனல் கட்டை வழியாகப் பேட்டரிக்கு இறக்கம். அந்தக் கறுப்பு வயரின் உறை நெடுக உருகிச் சுருங்கியிருந்தது. கட்டையின் வோல்ட் ஏறுவதால் ஜிபிஎஸ்ஸுக்குக் கிடைக்கும் வோல்ட் குறைந்து அது அணைந்திருக்கிறது. இன்னும் சில வாரம் போயிருந்தால் கேபினில் தீ. சில படகுகளில் இப்படி வயர் இல்லாவிட்டால் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பிடிக்கும். செல்ஃப் அடிக்கும்போது அந்தக் கேபிள் சுட்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

லாரி வேலை பார்த்த எலக்ட்ரீஷியன்கள் படகில் இந்த இடத்தைத் தவறவிடுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. லாரியில் சேசிஸ் முழுக்க இரும்பு. பேட்டரி நெகட்டிவ் சேசிஸில், என்ஜினிலிருந்து சேசிஸுக்குத் தனிப் பட்டை. அதில் ஒன்று போனாலும் பட்டை, பிராக்கெட் என்று கரண்ட் திரும்ப வேறு வழிகள் கிடைக்கும். மரப் படகிலும் ஃபைபர் படகிலும் பாடி என்பதே கிடையாது. போகிற வழி ஒரு கேபிள், திரும்புகிற வழி ஒரு கேபிள். ஆனாலும் ‘எர்த்’ என்றாலே ஏதோ ஒரு ஓரத்தில் மாட்டினால் போதும் என்ற லாரிப் பழக்கம் கையில் இருக்கிறது. பாசிட்டிவ் கேபிளுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதிகூட நெகட்டிவுக்குக் கிடைப்பதில்லை.

காலையில் மட்டும் ஏன்? ஆறிய என்ஜினில் ஆயில் கெட்டி, முதல் சுற்றுக்குக் கேட்கும் கரண்ட் அதிகம். தடை அதிகம் தின்னும். சூட்டில் என்ஜின் இலகு, அதோடு மரை விரிந்து கொஞ்சம் இறுக்கமும் கூடும். சுத்தியல் தட்டு வேலை செய்ததும் இதே கதை. தட்டியது செல்ஃபை, ஆனால் அதிர்ந்தது அந்தப் போல்ட்.

சரிசெய்தது

எர்த் இடத்தை மாற்றினேன். தாழ்வான காலை விட்டுவிட்டு, செல்ஃபுக்குப் பக்கத்திலேயே ஃப்ளைவீல் ஹவுசிங்கில் உயரமான, தண்ணீர் சொட்டாத ஒரு போல்ட். முகத்தைக் கிரைண்டர் பஃப்பால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, லக் நேராக இரும்பில், வாஷர் லக்குக்கு மேலே. வாஷர் ஒருபோதும் லக்குக்கு அடியில் போகக் கூடாது. ஒரே போல்ட்டில் பல லக் என்றால் பெரியது அடியில். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசி, அதற்கு மேல் பெயிண்ட். முதலில் இறுக்கம், பிறகு பூச்சு. இந்த வரிசை மாறியதால்தான் இந்தக் கட்டுரையே.

கேபிள் 70 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய செப்பு. இது எல்லா ஊரிலும் கிடைக்காது. வெல்டிங் கேபிள் போடுவது நம் பக்கம் வழக்கம். இழை மெல்லிசு, வளைக்க வசதி, ஆனால் பூச்சில்லாத செப்பு என்பதால் உப்புநீரைச் சீக்கிரம் உறிஞ்சும். அதைத்தான் போட வேண்டிய நிலை என்றால் இரண்டு முனையையும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட்டு மூடிவிட்டால் சில வருடம் ஓடும். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில் நசுக்க வேண்டும், சுத்தியலில் அல்ல. ஈயம் மட்டும் ஊற்றிய லக்கும் வேண்டாம். சூட்டில் ஈயம் இளகினால் கேபிள் கழன்று விழும்.

பேனலுக்கு என்ஜினிலிருந்து போன மெல்லிய எர்த்தைப் பொதுக் கட்டையிலிருந்து பிரித்து, மீட்டர்களுக்கு மட்டும் ஃபியூஸ் வழியாக விட்டேன். பம்ப் சீலை மாற்றச் சொன்னேன். பாசிட்டிவ் பக்கத்தில் கட்-ஆஃப் சுவிட்சின் இரண்டு முனையையும் தேய்த்து இறுக்கினேன்.

மறுபடி அதே இடங்களில் அளந்தது: கரண்ட் 270 ஆம்பியர், பேட்டரியில் 23.2, பாசிட்டிவ் பக்கம் 0.4, நெகட்டிவ் பக்கம் 0.3, செல்ஃபுக்குக் கிடைப்பது 22.5 வோல்ட். ஸ்டாப் கேபிளை விட்டதும் ஒரு சுற்றில் பிடித்துக்கொண்டது. ஜிபிஎஸ் அசையவில்லை. சார்ஜிங் 28.0 வோல்ட். ஆல்டர்னேட்டரும் அதே என்ஜின் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. 25 ஆம்பியர் சார்ஜ் ஓடினால் பழைய எர்த்தில் 0.6 வோல்ட் குறைவாகத்தான் பேட்டரிக்குச் சேர்ந்திருக்கும். முதல் ஜோடிப் பேட்டரிகள் சோர்ந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மிச்சமிருந்த ‘டக்’

டிரைவர் சந்தோஷமாகத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை வெறும் ‘டக்’. ‘கட கட’ இல்லை, ஒற்றை ‘டக்’. மறுதிருப்பில் எடுத்துக்கொண்டது.

முதலில் சொன்ன புகாரில் இரண்டு சத்தம் இருந்தன, நினைவிருக்கும். இரண்டும் ஒரே கோளாறு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம். ‘கட கட’ என்றால் சோலினாய்டு முழுசாக இழுத்து, மெயின் கான்டாக்ட் மூடி, பிறகு விடுகிறது. ஒற்றை ‘டக்’ என்றால் பெரும்பாலும் இழுப்பே அரைகுறை. அதனால் மீட்டரைச் சாவியிலிருந்து வரும் வயர் மாட்டும் சோலினாய்டின் சின்ன முனையில் வைத்தேன். சாவியைத் திருப்பும் கணத்தில் பேட்டரியில் 24-க்கு மேல், இங்கே 18 வோல்ட்.

செல்ஃபிலிருந்து மேலே சாவிக்குப் போய், மறுபடி கீழே வரும் வயர். போகவர 18 மீட்டருக்குக் குறையாது, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். சோலினாய்டு இழுக்கும் கணத்தில் 25 ஆம்பியர் அளவில் கேட்கும். வயரிலேயே 3 வோல்ட் போகும், மீதியை அந்த மலிவான புதுச் சாவியின் கான்டாக்ட் தின்றது. லாரியில் இதே வயர் மூன்று நாலு மீட்டர்தான், அங்கே இந்தப் பிரச்சினை எழாது.

மருந்து ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிட்ச். செல்ஃபுக்குப் பக்கத்தில் 24 வோல்ட் ஸ்டார்ட்டர் ரிலே, பெரிய போல்ட்டிலிருந்து ஃபியூஸ் வழியாக அதற்கு ஒரு தடித்த சின்ன வயர், அங்கிருந்து சோலினாய்டுக்கு. பழைய நீள வயர் இனி ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். அதற்கு ஒரு ஆம்பியருக்கும் குறைவு. போட்டபின் சின்ன முனையில் 23-க்கு மேல் நிற்கிறது, ‘டக்’ போய்விட்டது. அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் ரிலேவுக்குப் போகும் முன் நியூட்ரல் சுவிட்சையும் பார்த்துவிட வேண்டும். கியர் லீவர் நியூட்ரலில் சரியாக உட்காராவிட்டால் சாவிக்கு எந்தப் பதிலும் வராது, ‘டக்’கூட வராது.

படகில் ஒரு கனமான ஜம்ப் கேபிளை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கடலில் ‘கட கட’ வந்தால் முதலில் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தையும் என்ஜின் பாடியையும் அந்தக் கேபிளால் நேராக இணைத்துப் பார்க்க வேண்டும். எடுத்தால் கோளாறு எர்த்தில். எடுக்கவில்லையென்றால் அதே கேபிளைப் பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் மாற்றிப் பார்க்கலாம். நெகட்டிவ் என்றால் என்ஜின் பக்கத்தையும், பாசிட்டிவ் என்றால் செல்ஃப் பக்கத்தையும் கடைசியாக மாட்ட வேண்டும், பேட்டரி மேல் பொறி விழாமல். பாசிட்டிவ் மாட்டும்போது அந்த முனை என்ஜின் இரும்பில் எங்கும் பட்டுவிடக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் செல்ஃபை நேராக ஷார்ட் செய்யும் வித்தையை என்ஜின் ரூமில் செய்யவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே வந்துதான் தேங்கும். எக்ஸாஸ்ட்டில் கடல்நீர் கலந்து போகும் வகை என்ஜின் என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் மஃப்ளர் நிறைந்து தண்ணீர் சிலிண்டருக்குத் திரும்பும். முதலில் கடல்நீர் வால்வை மூடிவிட்டு அடிக்க வேண்டும்.

எர்த் கேபிள், லக், ரிலே எல்லாம் சேர்த்து ஒரு பேட்டரியின் விலையில் சிறு பங்குதான் வந்தது. பழைய சோலினாய்டு இப்போது படகில் உதிரியாக இருக்கிறது. அதில் எந்தக் குறையும் இல்லை. பாசிட்டிவ் கேபிள் மட்டும் பழையதுதான், வெல்டிங் கேபிள், முனை திறந்த லக். இன்றைக்கு 0.4 வோல்ட். அடுத்த தடைக்காலத்தில் மாற்றிவிடுவதாக ஓனர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் 0.8-ஐத் தொட்டால் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி, அளக்க வேண்டிய இரண்டு இடத்திலும் சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைத்துவிட்டு வந்தேன். கான்டாக்ட் முகத்தில் அல்ல, பக்கத்தில்.